பிரிவு 377: தக்கலை வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வழக்கறிஞரின் பதில்கள்

குளச்சல் வாசகர்: தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டம் நம் நாட்டில் பிறந்ததா, ஐயா?

இல்லை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1533இல் இயற்றப்பட்ட சட்டமே அதன் வேர். மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் இந்திய தண்டனைச் சட்ட வரைவை எழுதியபோது, இதைப் பொதுவில் விவாதிக்கவே கூசியது. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 377, 'இயற்கையின் ஒழுங்குக்கு மாறான' உடலுறவு என்று சொல்லிவிட்டு, அந்த ஒழுங்கு எது என்று விளக்காமல் போனதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இருவரும் மனமொப்பியிருந்தாலும் ஆயுள் தண்டனை வரை விதிக்க முடிந்தது.

தக்கலை ஆசிரியர்: அன்று நாம் திருவிதாங்கூர்க் குடிகள் ஆயிற்றே?

ஆம், திருவிதாங்கூருக்குத் தனித் தண்டனைச் சட்டம் இருந்தது, ஆனால் அது இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டதுதான். இந்திய தண்டனைச் சட்டம் நேரடியாக இங்கே வந்த நாள் 1951 ஏப்ரல் 1. ஆங்கிலேயர் போய் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, அவர்கள் எழுதிய பிரிவை நாமே வரவழைத்துக்கொண்டோம்.

மார்த்தாண்டம் கல்லூரி மாணவி: பலர் தண்டிக்கப்பட்டார்களா?

மனமொப்பிய உறவுக்காகத் தண்டனை பெற்றோர் குறைவே. கைது பயமும், அதைக் காட்டிப் பணம் பறிப்பதும்தான் பெரும் துன்பம். 1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கைப் பாருங்கள். பெண்ணுடை அணிந்து பாடியதால் காவல்துறையின் கண்ணில் பட்ட அவர்மீது, எப்போது, எங்கே, யாருடன் என்று எதையுமே சொல்லாத குற்றச்சாட்டில் கீழ் நீதிமன்றம் தண்டனை விதித்திருந்தது, மேல்முறையீட்டில்தான் விடுதலையானார்.

குழித்துறை வாசகர்: முதலில் எதிர்த்தவர் யார்?

ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ், 1867இல் மியூனிக்கில் சட்ட வல்லுநர் மாநாட்டில் இத்தகைய சட்டங்களுக்கு எதிராக எழுந்து பேசினார், கூச்சலிட்டு அமர்த்திவிட்டார்கள். 1897இல் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் பெர்லினில் இதற்கென ஓர் அமைப்பையே தொடங்கினார். நம் நாட்டில் 'எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன்' (எய்ட்ஸ் பாகுபாடு எதிர்ப்பு இயக்கம்) என்ற குழு 1992இல் டெல்லி காவல்துறைத் தலைமையகத்தின் முன் ஆர்ப்பாட்டம் செய்து, 1994இல் பிரிவு 377க்கு எதிராக மனுவும் தாக்கல் செய்தது. திகார் சிறையில் ஆணுறை வழங்க மறுத்ததே அம்மனுவுக்குத் தூண்டுதல். பிறகு எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்யும் நாஸ் அறக்கட்டளையின் வழக்கு: 2009இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வெற்றி, 2013இல் உச்ச நீதிமன்றத்தில் தோல்வி, இறுதியாக வேறு மனுதாரர்களின் வழக்கில், வயது வந்தோரின் மனமொப்பிய உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு.

நாகர்கோவில் தாய் ஒருவர்: 'வைத்தியம்' பார்த்து மாற்றலாம் என்கிறார்களே?

நம்பாதீர்கள், அம்மா. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று அத்தகைய முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தமக்கே இதில் தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே அவர் அந்த ஆணையை எழுதினார்.