பெருவிரல் பக்கத்துத் தசை: கேள்வி பதில்

ஐயா, டம்பெல் தூக்கும்போது முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் புடைக்கும் தசை எது? மணிக்கட்டுப் பயிற்சி நான்கு மாதம் செய்தும் அது பெருக்கவில்லையே? (ஹட்டன்)

அதன் பெயர் பிரேக்கியோரேடியாலிஸ். மேற்கை என்பான புயவென்பின் கீழ்ப்பகுதியில் வெளி ஓரத்தில் தொடங்கி, முன்கையின் ஆரை என்பில் மணிக்கட்டருகே பெருவிரல் பக்க நுனியில் முடிகிறது. அது மணிக்கட்டைத் தாண்டிச் செல்வதில்லை; ஆகவே மணிக்கட்டை எத்தனை முறை மடக்கினாலும் அதற்கு உரிய வேலை கிடைக்காது. முழங்கையை மடக்குவதே அதன் தொழில். உள்ளங்கை மேல்நோக்கியிருந்தால் பாரத்தின் பெரும்பங்கை மேற்கையின் முன்புறமுள்ள இருதலைத் தசை ஏற்கும் என்பதால், சுத்தியல் பிடிப்பதுபோலப் பெருவிரலை மேலே வைத்துத் தூக்குங்கள். பத்துப் பன்னிரண்டு தடவைகள் கொண்ட மூன்று சுற்றுகளை வாரத்தில் இரு நாள் செய்தால் போதும். இறக்கும்போது அவசரம் வேண்டாம். உள்ளங்கை கீழ்நோக்கிய பிடியும் நல்லது, ஆனால் பாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியில் தொங்கினால் போதுமா? (பதுளை)

வெறுமனே தொங்குவது விரல் மடக்கும் தசைகளுக்கான பயிற்சி. முழங்கையை மடக்கி உடலை மேலே இழுத்தால்தான் இந்தத் தசை உழைக்கும்.

கொழுந்து பறிக்கிறேன். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டோரம் வலிக்கிறது. அந்தத் தசையைப் பலப்படுத்தினால் தீருமா? (மஸ்கெலியா)

அம்மா, பாரம் தூக்க வேண்டாம். அந்தத் தசை முடியும் இடத்தின் மேலாகவே பெருவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் ஓர் உறைக்குள் செல்கின்றன. நாள் முழுவதும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளுவதால் அந்த உறை தடித்து வலிக்கக்கூடும். பெருவிரலுக்கு ஓய்வும், அதை அசையாமல் தாங்கும் பட்டையுமே முதற் சிகிச்சை. பறிக்கும் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்ற நிலையில் ஓய்வெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். ஆயினும் வலியை மறைத்து வேலை செய்யாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மகன் சறுக்கி விழுந்து மேற்கை என்பு முறிந்தது. மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. குணமாவதை எப்படி அறிவது? (பண்டாரவளை)

புயவென்பின் பின்புறமாகச் சுற்றி வரும் ஆரை நரம்பு, அங்கு முறிவு ஏற்படும்போது அடிபடுவதுண்டு. கையை நிமிர்த்தும் தசைகளுக்கான அந்த நரம்புதான், முழங்கையை மடக்கும் இந்தத் தசையையும் இயக்குகிறது. நரம்பிழை அறுபட்டிருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதமே வளரும். முறிந்த இடத்துக்குக் கீழே அது முதலில் எட்டும் தசைகளுள் இதுவும் ஒன்று. ஆகவே மணிக்கட்டு உயரும் முன்பே இது துடிப்பதைக் காணலாம். வைத்தியர் அனுமதித்தபின், பெருவிரல் மேலே இருக்க முழங்கையை மடக்கச் சொல்லி, மகனுடைய முன்கையை நீங்கள் மெல்லக் கீழே அழுத்துங்கள். முழங்கையோரம் தசை இறுகினால், அந்தத் திகதியைக் குறித்துவைத்து அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள்.