90 நாள் பொறுப்பவர்கள் 5 நாள் பொறுக்க மாட்டார்களா?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நேற்று, புதன்கிழமை, சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தது. வெள்ளி மாலை 6 மணிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். நான் மிகவும் விரும்பும் வேறொரு நிறுவனத்தில் கடைசிச் சுற்று நேர்காணல் வரும் செவ்வாய்க்கிழமை. "இதில் கையெழுத்துப் போட்டு வை, அது கிடைத்தால் இதை விட்டுவிடலாம்" என்கிறார் அப்பா. மனம் ஒப்பவில்லை. என் நோட்டீஸ் காலம் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம்) 90 நாள். என்ன செய்வது?
- வாசகி, கோவை

பதில்: வார இதழுக்கு எழுதிவிட்டு வெள்ளிக்குள் பதிலை எதிர்பார்த்த உங்கள் நம்பிக்கை பெரிது! உங்களுக்கான இரண்டு வரியை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இது, அதே இக்கட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நோட்டீஸ் காலத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் துருப்புச் சீட்டே அதுதான். இன்று கையெழுத்திட்டாலும் மூன்று மாதம் கழித்துத்தான் அங்கே போய் உட்காரப் போகிறீர்கள். அதுவரை காத்திருக்கத் தயாராக இருப்பவர்களுக்கு, உங்கள் நேர்காணலுக்கு மறுநாளான புதன்கிழமை வரை காத்திருப்பது பெரிய பாரமில்லை. ஆள் எடுக்கும் வேலையில் நான் இருந்த காலத்தில் கொடுத்த கெடுக்களில் பாதி, காலண்டரைப் பார்த்து நானாகவே போட்டவை. கேட்டவர்களுக்குத் தள்ளிக் கொடுத்தேன். பலர் கேட்கவே இல்லை.

அவர்கள் அவசரத்திலும் நியாயம் உண்டு. ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு இடங்களில் பேரம் பேசிவிட்டு, சேர வேண்டிய நாளன்று தொலைபேசியை அணைத்துவிடுகிறவர்களால் சூடுபட்டவர்கள் அவர்கள். ஆகவே மழுப்பாமல் பேசுங்கள். முதலில் தொலைபேசியில், பிறகு மின்னஞ்சலில்: "ஆஃபருக்கு நன்றி. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு நேர்காணல் செவ்வாய்க்கிழமை இருக்கிறது. புதன் மாலை 6 மணிக்குள் உறுதியான பதில் தருகிறேன். அதுவரை அவகாசம் கிடைக்குமா?" 'கொஞ்சம் டைம் வேண்டும்' என்றால் யாரும் தர மாட்டார்கள், நாளையும் மணியையும் சொல்லுங்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்ற கதையெல்லாம் வேண்டாம்.

அடுத்த அழைப்பு, நீங்கள் விரும்பும் நிறுவனத்துக்கு. "எனக்கு ஓர் ஆஃபர் வந்திருக்கிறது, வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். கடைசிச் சுற்றை முன்னால் வைக்க முடியுமா?" அந்த நிறுவனத்தின் பெயரையும் சம்பளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. உங்களை எடுக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால், எப்படியாவது ஒரு மணி நேரம் கண்டுபிடிப்பார்கள். 'பார்க்கலாம்' என்று இழுத்தால், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த அவகாசத்தில் ஆஃபர் லெட்டரை வரி வரியாகப் படியுங்கள். சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று பெரிதாகப் போட்டிருக்கும் தொகைக்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் ஒளிந்திருக்கலாம். மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சேர்வதற்குத் தரும் போனஸை, ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்றும் பாருங்கள்.

அப்பா சொன்ன வழி எனக்கும் ஒப்பவில்லை. நீங்கள் வருவீர்கள் என்று நம்பி, அடுத்த இடத்தில் இருந்தவரை அவர்கள் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அந்த ஹெச்.ஆர். நாளை வேறு நிறுவனத்தில் உங்கள் விண்ணப்பத்தைப் பிரிப்பார். இந்தத் தொழில் அவ்வளவு சிறியது.

அவகாசமே தர மாட்டோம் என்றால்? செவ்வாய்க்கிழமை நேர்காணல் இல்லையென்றே வைத்துக்கொண்டு யோசியுங்கள்: இந்த வேலைக்குச் சந்தோஷமாகப் போவீர்களா? போவேன் என்றால் கையெழுத்திட்டு, மற்றதிலிருந்து அன்றே விலகுங்கள். தயக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். உங்களுக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது. ஆறு மாதமாக வேலையின்றி, வீட்டுக் கடன் தவணையோடு இருப்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், வெள்ளிவரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எந்தப் பக்கம் போனாலும், சேரும் தேதியோடு ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை கோவை அலுவலகத்தில் ராஜினாமாவைக் கொடுக்காதீர்கள்.