இடிக்கும் முன் கதவைத் தேய்த்து எடுங்கள்

கேள்வி: ராயபுரத்தில் தாத்தா கட்டிய வீட்டை அடுத்த மாதம் இடிக்கிறோம். ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருடைய போட்டோக்கள், கடிதங்கள், பாட்டியின் பட்டுப்புடவைத் துண்டு எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் வைக்க ஆசை. பெட்டியின் மேல் சென்ட்ரல், கலங்கரை விளக்கம் படங்களை ஒட்டலாமா? எந்தப் பசை நல்லது?

பதில்: ஒட்டலாம். ஆனால் அந்த இரண்டு படங்களும் எந்தக் காலண்டரிலும் கிடைக்கும். உங்கள் பேட்டையிலேயே ராயபுரம் ஸ்டேஷன் இருக்கிறதே! 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கத்து வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டது. ரயில்வேக்காரர் பெட்டிக்கு அதன் தூண் வரிசைதான் பொருத்தம்.

அதைவிட அவசரம், வீட்டையே பெட்டியில் ஏற்றுவது. வாசல் கதவின் செதுக்கல், படிக்கட்டுக் கிராதியின் பூ வேலை என்று புடைப்பாக இருப்பவற்றின் மேல் மெல்லிய தாளை வைத்து, கிரேயானால் படுக்கைவாட்டில் தேய்த்தால் வடிவம் அப்படியே பதியும். அந்தத் தாளின் நகல்தான் உங்கள் பெட்டிக்கு முதல் அலங்காரம். பழைய டோர் நம்பர் தகட்டையும் கழற்றி எடுத்து வையுங்கள். சிவப்புத் தரை என்றால் மூடியின் உள்பக்கத்துக்கு ரெட் ஆக்சைடு நிறம் அடிக்கலாம்.

வெளிப்பக்கத்துக்குப் பெவிகால் போதும். ஆனால் ஒட்டுவது லேசர் நகலாக இருக்கட்டும். இன்க்ஜெட் பிரின்ட் பசையின் ஈரத்தில் கலங்கிவிடும். மேலே வார்னிஷ் அடித்தபின் வாசனை முழுவதும் போகும்வரை, இரண்டு மூன்று வாரமாவது, பெட்டியைத் திறந்தே வையுங்கள்.

உள்ளே போகும் அசல் எதிலும் பசையும் வேண்டாம், செல்லோடேப்பும் வேண்டாம். ஒரு கல்யாண போட்டோவின் கிழிசலை நானே டேப் போட்டு ஒட்டி, பழுப்புக் கறையோடு இன்றும் வைத்திருக்கிறேன். போட்டோவுக்குப் பின்னால் பெயர் எழுத பால்பாயின்ட் கூடாது, மென்மையான பென்சில்தான். செய்தித்தாள் துண்டு பக்கத்தில் உள்ளதையும் பழுப்பாக்கும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

புடவைத் துண்டை மடிக்காமல் சுருட்டுங்கள், மடிப்பில் ஜரிகை ஒடியும். சுற்றுவதற்குத் துவைத்த பழைய வேட்டித் துணி நல்லது. ஆனால் கஞ்சி போடாதது! கஞ்சி என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்துதான்.

அப்புறம், இடம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணில் வெயிலும் ஒழுகலும். தரையில் டிசம்பர் வெள்ளம். பீரோவின் நடுத்தட்டே சரி. அந்துருண்டைக்குப் பதில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். கடல் பக்கத்து ஈரத்தில் அது சீக்கிரம் நிறைந்துவிடும், மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் மாற்றுங்கள்.