குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூளை டாப்ளர் ஸ்கேனில் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) ஆர்.ஐ. 0.80-லிருந்து 0.71 ஆனது ஏன்?

இந்த இறக்கம் எதிர்பார்த்ததுதான். ஆர்.ஐ. (ரெசிஸ்டிவ் இண்டெக்ஸ்) ரத்தத்தின் அளவு இல்லை, ரத்தக்குழாயில் உள்ள தடையைக் காட்டும் எண். கர்ப்ப வாரக் கணக்கில் 31 வாரத்தில் எழும்பூரில் 0.80, இப்போது 39 வாரக் கணக்கில் தாம்பரத்தில் 0.71 என்றால், மூளைக்கு ரத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அநேகமாக நேர்மாறு.

இதயம் துடிக்கும்போது பாயும் வேகத்திலிருந்து, இரண்டு துடிப்புக்கு நடுவே மிஞ்சும் வேகத்தைக் கழித்து, முதல் வேகத்தால் வகுப்பார்கள். மூளை வளர வளர அந்த நடுவேளை ஓட்டம் கூடும், எண் தானாக இறங்கும். பெயரே இப்படி வைத்தால் யார்தான் குழம்ப மாட்டார்கள்!

இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே ரத்தக்குழாயைத்தான் அளந்தார்களா என்று பாருங்கள். உச்சிக்குழியில் ஸ்கேன் புரோபைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே எண் ஏறும். அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பி.டி.ஏ.' இருக்கிறதா? பிறந்தபின் மூட வேண்டிய, இதயத்தருகே உள்ள ஒரு ரத்தக்குழாய் மூடாமல் இருப்பதுதான் அது; அப்படி இருந்திருந்தால் முதல் எண் அதனாலும் கூடியிருக்கலாம்.

ஒன்று மட்டும்: பிறந்தபோது மூச்சுத்திணறல் இருந்து எண் 0.60-க்குக் கீழே போனால் அது வேறு கதை. தலைச் சுற்றளவு மளமளவென்று கூடினாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.