அப்பா சிரிக்கட்டும், விடுங்கள்

கேள்வி: தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்த இடத்தில் கிருமி தொற்றியதால், என் அப்பா ஐந்து வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். விடியற்காலையில் ரத்தம் எடுக்க வரும் சிஸ்டரிடம், "நேத்து எடுத்தது அதுக்குள்ள தீர்ந்துபோச்சாம்மா?" என்று கேட்கிறார். வார்டே சிரிக்கிறது. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "நோயோட தீவிரம் புரியாம விளையாடுறார், நீயும் சேர்ந்து சிரிக்கிறே" என்று என்னைத் திட்டுகிறான். சிரித்தால் நோய் குணமாகும் என்கிறார்களே, நிஜமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தீவிரம் உங்கள் அப்பாவுக்குத்தான் முதலில் புரியும். ஊசி ஏறுவது அவர் கையில். எப்போது எழுப்புவது, எப்போது இட்லி கொடுப்பது, யார் போர்வையை விலக்கிப் புண்ணைப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் அங்கே மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். வாயைத் திறந்து என்ன சொல்வது என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அதையும் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிறார் உங்கள் அண்ணன். முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

குணமாகுமா என்றால், கிருமியைக் கொல்வது மருந்துதான். சிரிப்பை நம்பி ஒரு வேளை டிரிப்ஸைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் வலியின் கதை வேறு. நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் 1964-ல் மூட்டுகளை முடக்கும் நோயில் படுத்தார். நகைச்சுவைப் படங்கள் பார்த்து, பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று பின்னாளில், 1976-ல், ஒரு மருத்துவ இதழிலேயே எழுதினார். ஒருவரின் அனுபவத்தை வைத்துக்கொண்டு இதுதான் வைத்தியம் என்று சொல்ல முடியாது. அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அவரைச் சுற்றி இருந்தவர்கள்தான். படம் காட்டும் புரொஜக்டரை ஓட்டக் கற்றுக்கொண்டவர் அவருடைய நர்ஸ். நகைச்சுவைப் புத்தகங்களை வாசித்துக் காட்டியதும் அவர்தான். "இதெல்லாம் எதுக்கு?" என்று விரட்டாமல் கூடவே நின்றார் டாக்டர். நோயாளி சிரிக்க வேண்டுமானால், பக்கத்தில் அதற்கு இடம் கொடுக்கிற மனிதர்கள் வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அந்த சிஸ்டர் இருக்கிறார். இருட்டோடு வந்து, பத்துப் பதினைந்து பேருக்கு நரம்பு தேடிக் குத்தி, அதற்கு நடுவில் ஒரு கிழவரின் கிண்டலுக்கு நின்று சிரித்துவிட்டுப் போகிறாரே, அந்தப் பெண்ணை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். நீங்கள் அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டீர்களா? இல்லையென்றால் நாளைக்கே கேளுங்கள்.

இன்னொன்று. தன் சிரிப்புச் சத்தம் மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவாக இருந்ததையும் கசின்ஸ் எழுதியிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றில் தையல் போட்டவராக இருந்தால் சிரிப்பதும் இருமுவதும் அவருக்குப் பெரிய வேதனை. தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கொஞ்சம் தாங்கும். என்றைக்காவது அவர் குடும்பத்தார் அழுதுகொண்டிருந்தால் அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்.

அப்பா பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் நாளும் வரும். அன்றைக்கு "எங்கே உங்க ஜோக்கு?" என்று யாரும் கேட்கக் கூடாது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, இதே நோயில் போய்ச் சேர்ந்த பெரியப்பாவின் கதையை எடுத்துவிடும் சொந்தக்காரர்களை வராந்தாவிலேயே நிறுத்தி, பேசி அனுப்பிவிடுங்கள். அண்ணன் கண்டிப்பானவர் என்கிறீர்கள், இந்தக் காவல் வேலையை அவரிடம் கொடுங்கள். அப்புறம், ஒரு ராத்திரி அப்பாவோடு தங்கும் முறையையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும். ரத்தம் எடுக்க சிஸ்டர் வரும்போது அவரும் அங்கே இருக்க வேண்டும்.