குடும்பக் கதையை மேடையேற்றுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டை வாசகி ஒருவர் தன் குடும்ப நினைவு நூலை நகைச்சுவை நிகழ்ச்சியாக மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தார். அதே விஷயமாக வந்த மற்றக் கேள்விகளையும் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

பட்டிமன்றத்திலும் கல்லூரி விழாக்களிலும் நகைச்சுவையாகப் பேசி வருகிறேன். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டையும் பற்றி நான் எழுதிய 160 பக்க நூல் வெளிவந்திருக்கிறது. அதை நான் ஒருத்தியே நின்று ஒரு மணி நேரம் நடத்தும் நிகழ்ச்சியாக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, பாளையங்கோட்டை

முதலில் கணக்கைப் பாருங்கள். பக்கத்துக்கு 180 சொல் என்று வைத்தாலும் உங்கள் நூல் 28,000 சொல்லைத் தாண்டும். சிரிக்க வைக்கும் பேச்சு நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் ஓடினால் பின்வரிசைக்கு எட்டாது. 60 நிமிடத்தில் சிரிப்பு, கைதட்டல், நீங்களே விடும் இடைவெளி என்று 12 நிமிடம் போகும். மிச்சம் 4,800 சொல். ஆறில் ஒரு பங்குதான் மேடைக்கு வரும்.

இதைக் கேட்டதும் பலர் அத்தியாயத்துக்குக் கொஞ்சமாகக் கிள்ளிச் சேர்க்கிறார்கள். பிறந்தது, பள்ளிக்கூடம், சடங்கு, கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பார்கள். ஆனால் இருபதாவது நிமிடத்தில் செல்போனை எடுப்பார்கள், ஏனென்றால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. மேடைக்கு ஒரே ஒரு இழுபறி வேண்டும். ‘சீராக வந்த கிரைண்டர் யாருக்குச் சொந்தம்?’, ‘மாமியார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்து எப்போது இறங்கும்?’ என்பது போலப் பத்துச் சொல்லுக்குள் கேட்கக்கூடிய கேள்வி. அதற்கு விடை 50-ஆவது நிமிடத்துக்கு முன்னால் தெரியக் கூடாது. அந்தக் கேள்வியை முன்னால் தள்ளாத, பின்னால் இழுக்காத சம்பவம் எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் நூலிலேயே இருக்கட்டும்.

வேலையை அட்டையில் செய்யுங்கள். ஒரு சம்பவத்துக்கு ஓர் அட்டை. அதில் யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள், எந்தச் சொல்லில் சிரிப்பு வரும், இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். மூன்றில் ஒன்றை எழுத முடியவில்லை என்றால் அது சம்பவம் இல்லை, வெறும் வர்ணனை. உங்கள் நூலில் நாற்பது அட்டை வரை தேறலாம். அதில் 12 முதல் 14 வரை வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். கால வரிசை கட்டாயமில்லை. இழுபறி தொடங்கிய நாளிலேயே நிகழ்ச்சியைத் தொடங்கலாம், பிறந்த வீடு நடுவில் வந்தால் போதும். முதல் சிரிப்பு அரை நிமிடத்துக்குள் விழ வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்குள் எந்த ஊர், எந்த வீடு, வீட்டில் யார் யார் என்பது பிடிபட்டிருக்க வேண்டும்.

ஆட்களைக் குறையுங்கள். நூலில் இரண்டு மதினி, மூன்று சித்தி, ஒரு பெரியம்மை இருக்கலாம். படிப்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார், கேட்பவரால் முடியாது. மேடையில் உங்களைத் தவிர ஐந்து பேர் போதும், மூன்று சித்தியையும் ஒருத்தியாக்கிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குரல், ஒரு நிற்கும் விதம், ஒரு பார்வைத் திசை. மாமியார் வலப்பக்கம் பார்த்துப் பேசினால் கடைசிவரை வலப்பக்கம்தான். இருவர் பேசும்போது தலையை அரைவாசி திருப்பினால் போதும். முழுக்கத் திரும்பினால் பாதி மண்டபத்துக்கு முகம் தெரியாது, வாயும் மைக்கை விட்டு விலகிவிடும்.

மேடைப் பொருள் ஒன்றே ஒன்று. அம்மா பீடி சுற்றியவர் என்றால் ஒரு சொளவு வையுங்கள். அதுவே அரிசி புடைக்கும், விசிறியாகும், கோபம் வந்தால் தூக்கிப் போடவும் உதவும். ஊஞ்சல், பீரோ என்று அடுக்கினால் அரங்கம் நாடக செட் மாதிரி ஆகிவிடும், பார்வை உங்களைவிட்டுப் போகும்.

புத்தகத்தைப் படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொல்கிறார்கள். அதே பகுதியை மேடையில் சொன்னால் ஒரு சத்தமும் இல்லை. ஏன்?
— வாசகி, அம்பாசமுத்திரம்

நீங்கள் அனுப்பிய வரியையே எடுத்துக்கொள்வோம்: ‘மறுவீட்டுப் பந்தியில் சொதி தீர்ந்துபோனதும் ஆச்சி வெந்நீரை ஊற்றி நிரவிவிட்டாள்.’ படிக்கும்போது இது நன்றாக இருக்கிறது. சொல்லும்போது ‘வெந்நீர்’ வாக்கியத்தின் நடுவில் போய்விடுகிறது. கேட்பவர் அதைப் பிடிப்பதற்குள் வினைச்சொல் வந்து மூடிவிடுகிறது. எழுத்துத் தமிழில் வினை கடைசியில் நிற்கும், ஆனால் சிரிப்பு பெரும்பாலும் பெயர்ச்சொல்லில்தான் இருக்கும். பேச்சுத் தமிழில் அந்தப் பெயரை வினைக்குப் பின்னால் தள்ளலாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“மறுவீட்டுப் பந்தி. மாப்பிள்ள மூணாவது தடவையா சொதி கேக்காரு. ஆச்சி அடுக்களைக்குள்ள போறா. தேங்கா இல்ல. ஆச்சி மொகத்துல ஒரு பதட்டமும் இல்ல. எடுத்து ஊத்துனா பாருங்க... வெந்நி.”

அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். சிரிப்பு எழுந்து பாதியாக இறங்கும்வரை வாயைத் திறக்காதீர்கள், முழுக்க அடங்கும்வரையும் காத்திருக்காதீர்கள். பாதியில் ஒட்டு ஒன்று போடுங்கள்: “மாப்பிள்ள சொல்லுதாரு, இப்பத்தான் பதமா இருக்கு.” முதல் சிரிப்புக்குக் கதையை உருவாக்க வேண்டியிருந்தது, இரண்டாவதுக்கு ஒரு வரி போதும். ஒரு சம்பவத்துக்கு இரண்டு, மூன்று ஒட்டு எழுதி வைத்துக்கொண்டால் நிகழ்ச்சி தொய்யாமல் ஓடும்.

சொதியைப் பற்றி நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னையில் சொல்வதாக இருந்தால், அது தேங்காய்ப்பாலில் வைப்பது என்பதை இரண்டு வரிக்கு முன்பே வேறு சாக்கில் சொல்லிவிடுங்கள். சிரிப்புச் சொல்லுக்குப் பிறகு விளக்கம் கொடுத்தால் அந்தச் சம்பவம் செத்தது.

இன்னொன்று, வரிக்கு வரி ‘ஏலே’ போடுவது நெல்லைத் தமிழ் ஆகாது. சினிமாவில் கேட்ட நெல்லைப் பேச்சை நெல்லையில் பேசினால் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் கதை சொல்லும் இடம் சாதாரணப் பேச்சில் இருக்கட்டும். ஆச்சி வாயைத் திறக்கும்போது மட்டும் ‘வாரியளா’, ‘சொல்லுதாவ’ முழுசாக வரட்டும்.

மாமியாரும் மதினியும் இருக்கிறார்கள். மாமனார் இல்லை. மேடையில் அவர்களைப் பற்றிச் சொன்னால் வழக்கு வருமா?
— வாசகி, வீரவநல்லூர்

வழக்கைவிடச் சீக்கிரம் வருவது வாட்ஸ்அப். நூறு பேருக்குச் சொன்னதாக நினைப்பீர்கள், மறுநாள் காலையில் சொந்தக்காரர் குழுவில் அந்த ஒரு நிமிடம் மட்டும் சுற்றும். அதனால் அவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தாலும் சொல்வீர்களா என்பதே முதல் சோதனை.

சட்டப்படி அவதூறு என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. இறந்தவரைப் பற்றிய பேச்சும் அதற்குள் வரலாம். உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும், குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கமும் உண்டு என்றால், ஆள் இல்லை என்பது விலக்கு ஆகாது. பெயரை மாற்றினால் தப்பிக்கலாம் என்பதும் சரியில்லை. தெருவும் முறையும் தொழிலும் சொன்னால் நம் ஊரில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஊர், வேலை, உடல் அடையாளம் மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள், அல்லது இரண்டு பேரை ஒருவராக்குங்கள்.

பணம், நோய், மணமுறிவு, பிள்ளைகள் இந்த நான்கையும் பேச வேண்டியிருந்தால் அந்தப் பகுதியை எழுத்தாக எடுத்துப்போய் சம்பந்தப்பட்டவரிடம் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலும் அவர்கள் ஆட்சேபிப்பது நீங்கள் பயந்த இடமாக இருக்காது. ‘நான் எப்ப அந்தச் சேலை கட்டுனேன்?’ என்பார்கள். அதையும் ஒட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். மாமியாரைக் கிண்டல் செய்வதற்கு முன்னால் நீங்கள் இரண்டு தடவை தோற்றிருக்க வேண்டும். அது மரியாதைக்காக மட்டும் இல்லை. தோற்காதவள் குறை சொன்னால் கூட்டம் மாமியார் பக்கம் சாயும்.

நூலை வெளியிட்ட பதிப்பகத்திடம் அனுமதி கேட்க வேண்டுமா?
— வாசகி, தென்காசி

ஒப்பந்தத்தைப் படியுங்கள். அச்சு உரிமை மட்டும் கொடுத்திருந்தால் மேடை உரிமை உங்களுடையதே. பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்திருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். நடுவில் சினிமாப் பாட்டை ஒலிக்கவிடுவதற்குத் தனி உரிமம் வேண்டும், பத்து விநாடி என்றால் இலவசம் என்று ஒரு விதியும் கிடையாது.

அம்மா இறந்த அத்தியாயம்தான் நூலின் உயிர். நகைச்சுவை நிகழ்ச்சியில் அதை எங்கே வைப்பது?
— வாசகி, முக்கூடல்

40-ஆவது நிமிடத்தை ஒட்டி வையுங்கள். கடைசியில் வைத்தால் கூட்டத்தை அழவைத்து அனுப்புவதற்காகவே ஒரு மணி நேரம் சிரிக்க வைத்ததுபோல் ஆகும். அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்திலேயே சிரிப்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பெரிய வெடிச்சிரிப்புக்கு அடுத்த வரியில் சாவைச் சொன்னால், அதையும் நகைச்சுவை என்று நினைத்து யாராவது சிரிப்பார்கள். சொல்வது நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குரலைத் தழுதழுக்க வைக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி, யார் எங்கே நின்றார்கள், யார் காப்பி போட்டார்கள் என்று சொன்னால் போதும்.

அதற்குப் பிறகு வரும் முதல் சிரிப்பு சிறியதாக இருக்க வேண்டும், அம்மாவின் குணத்திலிருந்தே வர வேண்டும். துட்டிக்கு, அதாவது துக்கம் கேட்க, வந்தவர்களைக் கேலி செய்வது சுலபம், ஆனால் அந்த இடத்தில் அது கசக்கும். வாழ்நாளெல்லாம் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைத்த அம்மாவின் டம்ளர் துட்டி வீட்டில் காணாமல் போனால், அங்கே சிரிக்கலாம்.

தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது. துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாமா?
— வாசகி, நாங்குநேரி

தாராளமாக. நம் பக்கத்து வில்லுப்பாட்டே அந்த முறையில்தான் நடக்கிறது. தலைமைப் பாடகர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார், நடுவில் அசட்டுக் கேள்வி கேட்பார். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகத்தின் மேடைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கக் குரலின் அருமை தெரியும். உங்கள் துணைவரின் வேலை, கூட்டம் கேட்க நினைப்பதைக் கேட்பது: “இது எந்தச் சித்தி?” ஒரு மணி நேரத்தில் எட்டு அல்லது பத்து இடம் போதும். எல்லா வரிக்கும் ‘ஆமா’ போட்டால் வேகம் போய்விடும். அவர் சொந்த ஜோக் அடிக்கத் தொடங்கினால் ஆளை மாற்றுங்கள்.

எங்கள் ஊரில் கல்யாண மண்டபம்தான் கிடைக்கிறது. பேச்சு கணகணவென்று எதிரொலிக்கிறது, மைக் ஊளையிடுகிறது.
— வாசகர், வள்ளியூர்

ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போனால் ஊளையிடும். பெட்டிகளை மேடையின் முன்விளிம்புக்கும் முன்னால், கூட்டத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். மைக் வாயிலிருந்து இரண்டு, மூன்று விரல் தூரத்தில் இருக்கட்டும். வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. பின்புறத் துளைகள் அடைபட்டால் மைக் நாலாபக்கச் சத்தத்தையும் இழுக்கும்.

மைக் செட்காரர் பழக்கத்தில் எக்கோவைக் கூட்டி வைத்திருப்பார். கோயில் கொடை விழாவுக்கு அது கம்பீரம், நகைச்சுவைக்கு விஷம். எக்கோவை முழுக்க நிறுத்தி, கனத்த ஒலியான பாஸையும் குறைக்கச் சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் முன் பெட்டியின் சத்தத்தைக் கூட்டாமல், மண்டப நடுவில் இரண்டு சிறு பெட்டி வையுங்கள். பின்சுவரில் பந்தல் துணி கட்டினால் எதிரொலி நன்றாகக் குறையும். கை இரண்டும் வேண்டும் என்றால் மட்டும் காலர் மைக். பட்டுச் சேலைச் சரிகை உரசும், தாலிச் சங்கிலி இடிக்கும். ஆகவே பருத்திச் சேலை, மைக் சங்கிலிக்கு எட்டாத உயரத்தில்.

முதல் வரிசைச் சோபாவை எடுத்துவிடுங்கள். சிறப்பு விருந்தினர் வராத காலிச் சோபாவைத் தாண்டிச் சிரிப்பு வராது. முந்நூறு நாற்காலிக்கு எண்பது பேர் வந்தால் பின்பாதியைக் கயிறு கட்டி அடைத்து எல்லாரையும் முன்னால் சேர்த்து உட்காரவையுங்கள். சிரிப்பு பக்கத்து நாற்காலியில் இருந்துதான் தொற்றும்.

திறந்தவெளி என்றால் ஆனி, ஆடிக் காற்று மைக்கில் புஸ்ஸென்று அடிக்கும், பஞ்சு உறை போடுங்கள். காவல் நிலைய அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. சித்திரையிலிருந்து ஆடி வரை செவ்வாய், வெள்ளிகளில் தேதி வைக்காதீர்கள். கொடைக்குப் போவார்கள், உங்களிடம் வர மாட்டார்கள்.

எவ்வளவு ஒத்திகை பார்த்தால் மேடையேறலாம்?
— வாசகி, சேரன்மகாதேவி

ஒரு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் பழகாதீர்கள். பத்துப் பத்து நிமிடத் துண்டாக, கிடைக்கிற கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். செல்போனில் பதிவு செய்து, எழுத்துப் பிரதியில் பெரிய சிரிப்பு, சிறு சிரிப்பு, மௌனம் என்று பென்சிலால் குறியுங்கள். மூன்று வெவ்வேறு கூட்டத்தில் ஒரே இடம் மௌனமாக இருந்தால் அதை மாற்றுங்கள். ஒரு கூட்டம் மட்டும் சிரிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் செய்யும் ஒத்திகையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்கள் ஆளைத் தெரிந்து சிரிப்பார்கள், கதைக்காகச் சிரிக்க மாட்டார்கள்.

ஆளில்லாத அறையில் 48 நிமிடத்தில் முடிந்தால் மேடையில் ஒரு மணி நேரம் வரும். தாண்டினால், அதிக விளக்கம் கேட்கும் அட்டையை முதலில் எடுத்துவிடுங்கள். கடைசி அட்டையை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி மனப்பாடம் செய்யுங்கள். மண்டபக்காரர் ஓரமாக நின்று கடிகாரத்தைக் காட்டும்போது நடுவில் இரண்டைத் தாண்டி நேராக அங்கே போக வேண்டியிருக்கும்.