கிருஷ்ணகிரியில் மாந்தோப்பைப் படமெடுக்க, புதிதாகக் கற்பவர் குறைந்த விலையில் எந்த டிரோன் வாங்கலாம்?

பெட்டியில் ‘4கே’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். பொம்மை ரகங்களில் பெரும்பாலும் சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கித்தான் அந்தக் கணக்கு. முதலில் பார்க்க வேண்டியது ஜிபிஎஸ், பிரஷ்லெஸ் மோட்டார் (உரசித் தேயும் பிரஷ் இல்லாத மோட்டார்), மூன்று அச்சு கிம்பல் (டிரோன் ஆடினாலும் கேமராவை ஆடாமல் பிடிக்கும் அமைப்பு). ஜிபிஎஸ் இல்லாததைக் காற்று தள்ளிக்கொண்டே போகும். கிம்பல் இல்லாவிட்டால் வீடியோ ஆடும். காசு பத்தவில்லையென்றால் 4கே-யை விடுங்கள், கிம்பலை விடாதீர்கள்.

எடை 250 கிராமுக்குள் இருந்தால் நேனோ வகை, பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கும் பறக்கவிடலாம் என்று அர்த்தமல்ல. ஓசூரில் விமான ஓடுதளம் இருக்கிறது. ‘டிஜிட்டல் ஸ்கை’ என்ற அரசு டிரோன் இணையதள வரைபடத்தில், அது பறக்க அனுமதியுள்ள மண்டலமா என்று பார்த்துவிட்டே கிளப்புங்கள். 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை இருப்பதால், இறக்கையும் பேட்டரியும் இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பேட்டரி குறைந்தது இரண்டு வேண்டும்.

இந்தப் பக்கம் டிரோன் உடைய ஒரு காரணம் ‘வீடு திரும்பும்’ உயரம், அதாவது சிக்னல் போனால் டிரோன் தானாகத் திரும்பிவர நாம் வைக்கும் உயரம். அந்த உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. மலையடிவாரத்தில் நின்று 30 மீட்டர் வைத்தால், சிக்னல் போனதும் நேராக வந்து பாறையில் மோதும். மாமரத்தைத் தாண்டினாலும் வரப்புத் தென்னையும் மின்கம்பியும் நிற்கும். சமதளத்தில் 50 மீட்டராவது வையுங்கள். போகும்போது எதிர்க்காற்றில் அனுப்புங்கள், திரும்புகையில் பேட்டரி மிஞ்சும். ஏரி, அணை நீர்மேல் தாழப் பறக்கவிட்டால் அடிப்பக்க சென்சார் குழம்பும்.